துர்கா பூஜையில் கொல்கத்தா: எந்த நாளில் எதை, எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

நவராத்திரி என்றால் நமக்குக் கொலுவும் சுண்டலும். பல வீடுகளில் விரதமும் உண்டு. அதே நாட்களில் கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்கள் முதலில் திகைப்பது, அம்மன் பந்தலுக்குப் பத்தடி தள்ளி ஆட்டுக்கறி ரோல் சுடச்சுட விற்பதைப் பார்த்துத்தான். அங்கே பக்திக்கு எந்தக் குறையும் இல்லை. வங்காளிகளுக்கு இந்த நாட்களில் வரும் துர்கை, பிள்ளைகள் நால்வரையும் அழைத்துக்கொண்டு கைலாயத்திலிருந்து தாய்வீட்டுக்கு வரும் மகள் உமா. மகள் வந்திருக்கும் வீட்டில் அடுப்பு அணையாது. ஊரே அவளுடைய தாய்வீடு என்பதால், ஊர் முழுக்க அடுப்பு எரிகிறது.

அதற்காகக் கண்டதை எல்லாம் கண்டபடி சாப்பிடுவதும் இல்லை. சஷ்டி முதல் தசமி வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாப்பாட்டு முறை இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பத்துக் கடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அஷ்டமி மதியம் பிரியாணிக் கடை வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் அம்மனுக்குப் படைத்த 'போக்' என்ற பிரசாதச் சாப்பாட்டைச் சுடச்சுடப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். திதியைப் பார்த்துச் சாப்பிடுங்கள், கடைப் பட்டியல் அடுத்தபடிதான். இந்த வழிகாட்டியையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: எப்போது போவது, எங்கே தங்குவது

மகாளய அமாவாசைக்கு ஆறாம் நாள் சஷ்டி. அன்று மாலைதான் முறைப்படி பூஜை தொடங்குகிறது. ஆனால் பந்தல்கள் அதற்கு முன்பே திறந்துவிடுகின்றன, கூட்டமும் வந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டுப் பயணிகளும் இப்போது நிறையக் கண்ணில் படுகிறார்கள். சதுர்த்தி அல்லது பஞ்சமி அன்று போய்ச் சேருவது நல்லது. அந்த இரண்டு நாட்களில் உணவகங்களில் இடம் கிடைக்கும், சமையல்காரர்களும் களைத்திருக்க மாட்டார்கள். திதி விஷயத்தில் வங்காளப் பஞ்சாங்கங்களுக்குள்ளேயே சில ஆண்டுகளில் வேறுபாடு வரும். அஷ்டமி எந்த நாள், அம்மனுக்குப் பூச்சமர்ப்பிக்கும் அஞ்சலி எத்தனை மணிக்கு என்று தங்குமிடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது வசதிகளைவிட மெட்ரோவை முக்கியமாகப் பாருங்கள். வடக்கு தெற்காக ஓடும் மெட்ரோ பாதைதான் பூஜை நாட்களின் உயிர்நாடி. ஷியாம்பஜார், ஷோபாபஜார், எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், காளிகாட் ஆகிய நிலையங்கள் எல்லாம் இதில்தான் வருகின்றன. முக்கிய நாட்களில் இரவு வெகுநேரம் வரை ரயில்கள் உண்டு. மாலை ஐந்து மணிக்குமேல் டாக்சியை நம்பினால் பசியோடு சாலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹவுராவில் இறங்குகிறவர்களுக்கு ஹூக்ளி நதியின் அடியில் ஓடும் மெட்ரோ 2024 முதல் எஸ்பிளனேடுக்கு நேராகக் கிடைக்கிறது.

இரண்டாவது: நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்

பூஜை நாட்களில் கொல்கத்தா இரவில் விழித்திருக்கிறது. மதியம் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நல்ல உணவகங்களின் வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டும். பன்னிரண்டு மணிக்கு மதிய உணவு, ஏழு மணிக்குள் இரவு உணவு என்று வைத்துக்கொண்டால் பாதி சிரமம் தீர்ந்துவிடும். பல இடங்களில் இந்த நாட்களுக்கென்று சுருக்கப்பட்ட உணவுப் பட்டியல்தான் இருக்கும். வழக்கமாகக் கிடைக்கும் நுணுக்கமான பதார்த்தங்கள் அதில் இருக்காது. நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய வங்காளச் சாப்பாட்டை, அதாவது லேசாகக் கசக்கும் காய்கறிக் கூட்டான சுக்தோ, வாழைப்பூவில் செய்யும் மோச்சார் கொண்டோ, கடுகு அரைத்துவிட்ட மீன் போன்றவற்றை, பஞ்சமிக்குள் முடித்துவிடுங்கள். நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம், ராஷ்பிஹாரி பக்கம் தருண் நிகேதன் போன்ற பழைய 'பைஸ் ஹோட்டல்'கள் அதற்கு ஏற்றவை. வாழை இலை உட்பட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போடுவது இந்தச் சாப்பாட்டுக் கடைகளின் வழக்கம்.

ஒரு நாளைக்கு முழுச் சாப்பாடு ஒன்று போதும். மற்ற வேளைகளில் நடந்துகொண்டே சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். கடுகெண்ணெய்க்குப் பழகாத வயிற்றுக்கு இரண்டு நாள் அவகாசம் தேவை. புட்டித் தண்ணீரைக் கையில் வைத்திருங்கள். இளநீர் எங்கும் கிடைக்கும்.

சஷ்டி: வடக்கு கொல்கத்தாவில் தொடங்குங்கள்

காலையில் கச்சூரி. உளுந்தும் பெருங்காயமும் வைத்த 'ஹிங்கேர் கச்சூரி'யைக் கேளுங்கள். பச்சைப் பட்டாணி வைத்த வகை குளிர்காலத்துக்கு உரியது, இப்போது நன்றாக இருக்காது. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் புட்டிராம் கடையில் கச்சூரியோடு கடலைப்பருப்புத் தருகிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் பழைய புத்தகக் கடைகளின் ஊடே நடந்தால் 1918இல் தொடங்கிய பாரமவுண்ட் சர்பத் கடை வரும். அங்கே இளநீர் சர்பத் குடியுங்கள். வழுக்கை மிதக்கும் அந்தச் சர்பத்தைச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் வேதியியல் அறிஞர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் என்று கடைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

மாலையில் ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி குமார்துலி பார்க், பாக்பஜார் பந்தல்களைப் பாருங்கள். பாக்பஜாரில் பந்தலை ஒட்டிப் பெரிய பொருட்காட்சியே நடக்கும். நடந்து களைத்ததும் மித்ரா கஃபே. 1920இல் தொடங்கிய இந்தச் சின்னக் கடையில் மீன் கபிராஜி பிரமாதம். மீன் துண்டை மசாலாவில் ஊறவைத்து, அடித்த முட்டையில் தோய்த்து எண்ணெயில் போட்டதும், முட்டை வலைபோல விரிந்து பொரிந்து மீனைச் சுற்றிக்கொள்ளும். கடித்தால் மேலே நொறுங்கும், உள்ளே மீன் ஈரப்பதத்தோடு இருக்கும். கூடத் தரும் 'காசுந்தி' என்ற கடுகுத் துவையலைக் கொஞ்சமாகத் தொடுங்கள், மூக்கில் ஏறும். பக்கத்திலேயே ஆலன் கிச்சனில் இறால் கட்லெட். இரண்டையும் ஒரே மாலையில் முயல வேண்டாம், இரண்டுமே கனமானவை.

சப்தமி: தெருவில் சாப்பிட வேண்டிய நாள்

புச்கா சாப்பிடாமல் கொல்கத்தாவைவிட்டு வரக்கூடாது. மும்பை பானிபூரியோடு இதைச் சேர்த்துப் பேசினால் கொல்கத்தாக்காரர்கள் மனம் வருந்துவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். வெந்த உருளைக்கிழங்கையும் கறுப்புக் கொண்டைக்கடலையையும் விரல்களால் மசித்து, வறுத்த சீரகப்பொடி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, புளித்தண்ணீர் சேர்த்துப் பிசைவார். மேலே கந்தராஜ் எலுமிச்சையைப் பிழிவார். அந்த எலுமிச்சையின் மணம் நாலு கடை தள்ளி நிற்பவருக்கும் எட்டும். பூரியின் தலையைக் கட்டைவிரலால் உடைத்து, மசியலை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, நீங்கள் ஏந்தியிருக்கும் இலைத் தொன்னையில் வைப்பார். வைத்த உடனே வாயில் போட வேண்டும், அடுத்தது தயாராகிக்கொண்டிருக்கும். முடிவில் தண்ணீர் இல்லாத புச்கா ஒன்றை விலையில்லாமல் கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டால் கேட்கலாம், தவறில்லை. தெற்கில் விவேகானந்தா பார்க் கடைகள் பெயர் பெற்றவை. கூட்டம் வேகமாக நகரும் கடையில் சாப்பிடுங்கள். தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் புச்காவைத் தயிர் ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து ரோல். நியூ மார்க்கெட் பக்கம் 1932 முதல் இருக்கும் நிஜாம்ஸ்தான் காட்டி ரோலின் பிறப்பிடமாகச் சொல்லப்படுகிறது. கல்லில் பொரிந்த பரோட்டா, கம்பியில் சுட்ட கறி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு. இவ்வளவுதான் ரோல். தக்காளி சாஸ் ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பரோட்டா ஊறிப்போகும். பந்தல் ஓரத்துத் தள்ளுவண்டி முட்டை ரோலும் இரவு பதினொரு மணிக்கு அமிர்தம்தான்.

பிரியாணியையும் சப்தமியில் வைத்துக்கொள்ளலாம். அவத் நவாப் வாஜித் அலி ஷா ஆட்சியை இழந்து 1856இல் கொல்கத்தாவுக்கு வந்து மேட்டியாபுருஜில் குடியேறினார். அவரோடு வந்த சமையல்காரர்கள் வழியாக வளர்ந்ததுதான் இந்த பிரியாணி. ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதல் கவளம் சப்பென்றுதான் இருக்கும், மசாலா அடங்கியே ஒலிக்கும். மூன்றாவது கவளத்தில் தாழம்பூ மணம் தெரியும். உள்ளே ஒரு முழு உருளைக்கிழங்கு கறியின் சாற்றை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு கிடக்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சலான், ஷிராஸ், ஆமினியா மூன்றும் பெயர்பெற்றவை. சித்பூரில் 1905 முதல் இருக்கும் ராயல் இந்தியன் ஹோட்டலில் மட்டன் சாப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உட்கார இடம் கிடைக்காவிட்டால் பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடலாம்.

அஷ்டமி: இந்த நாளை விட்டுவிடாதீர்கள்

ஐந்து நாட்களில் ஒரு நாள்தான் இருக்க முடியும் என்றால் அஷ்டமிக்கு இருங்கள். காலையில் குளித்து, புதுத் துணி உடுத்தி, வெறும் வயிற்றோடு பந்தலுக்குப் போக வேண்டும். புரோகிதர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி மூன்று முறை கையிலுள்ள பூவை அம்மனுக்குச் சமர்ப்பிப்பது புஷ்பாஞ்சலி. வெளியூர்க்காரர் என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள், கையில் பூவைத் திணித்து வரிசையில் நிறுத்திக்கொள்வார்கள்.

அஞ்சலி முடிந்ததும் லூச்சி. அன்று பல வீடுகளில் சோறும் மீனும் கறியும் கிடையாது. மைதாவில் நெய் விட்டுப் பிசைந்து, நிறம் மாறாமல் வெள்ளையாகப் பொரித்தெடுப்பதே லூச்சியின் அழகு. பழுப்பேறிவிட்டால் சமைத்தவருக்கே வருத்தம். அதற்குக் கூட்டு 'சோலார் டால்'. குழையாமல் வெந்த கடலைப்பருப்பில் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லும் பிரிஞ்சி இலையும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேரும். பக்கத்தில் வெங்காயம், பூண்டு இல்லாமல் பெருங்காயமும் இஞ்சியும் போட்ட உருளைக்கிழங்கு 'ஆலூர் தம்', மஞ்சள் தடவித் தடிமனாக அரிந்து வறுத்த கத்தரிக்காய். வங்காளி நண்பர் யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போய்விடுங்கள், எந்த உணவகமும் இதற்கு ஈடாகாது.

மதியம் போக், அதாவது அம்மனுக்குப் படைத்த பிரசாதச் சாப்பாடு. கிச்சுரிதான் அதில் தலைமை. பாசிப்பருப்பை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, சீரகச் சம்பாபோலக் குட்டையான, வாசமுள்ள கோவிந்தபோக் அரிசியோடு வேகவைப்பார்கள். இஞ்சி, சீரகம், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், இறக்கும்போது நெய்யும் கரம் மசாலாவும். நம் வெண்பொங்கலைவிடத் தளர்வாக, லேசான இனிப்போடு இருக்கும். வாளியில் கொண்டுவந்து இலைத் தட்டில் ஊற்றும்போது ஆவி முகத்தில் அடிக்கும். கூட வருவது லாப்ரா. பூசணி, முள்ளங்கி, கத்தரி, சர்க்கரைவள்ளி என்று கையில் கிடைத்த காய்கள் எல்லாம் சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், கடுகு சேர்ந்த ஐந்து பொருள் தாளிப்பில் குழைந்து ஒன்றாகியிருக்கும். கிச்சுரியோடு லாப்ராவைக் கலந்து, இடையிடையே பேகுனி என்ற கத்தரிக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொள்ளுங்கள். இனிப்புத் தக்காளிச் சட்னியை முதலிலேயே தொட்டுக்கொள்ள வேண்டாம். அது அப்பளத்தோடு கடைசியில், பாயசத்துக்கு முன் சாப்பிடுவதற்கு.

போக் கிடைக்க என்ன செய்வது? பெரிய பந்தல்களில் உட்காரவைத்துப் பரிமாறுவது அரிது. குடியிருப்புகளுக்குள் நடக்கும் சிறிய தெருப் பூஜைகளில்தான் அது நடக்கிறது. பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்களுக்குக் கூப்பன் முறை. முதல் நாளே பூஜைக் குழுவினரிடம் போய், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம், போக் சாப்பிட ஆசை என்று சொல்லிக் கேளுங்கள். கேட்டவருக்குச் சோறு இல்லை என்று சொல்ல அந்த ஊருக்கு மனம் வராது. கேட்கும் சந்தாவை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுங்கள். இன்னொரு வழி பேலூர் மடம். 1901இல் விவேகானந்தர் தொடங்கிய பூஜை அங்கே இன்றும் நடக்கிறது, பக்தர்களுக்குப் பிரசாதமும் கிடைக்கிறது. குமாரி பூஜையைக் காண வரும் கூட்டம் மிகப் பெரியது, அதிகாலையிலேயே போய்விட வேண்டும்.

அஷ்டமி முடியும் கடைசி 24 நிமிடங்களும் நவமி தொடங்கும் முதல் 24 நிமிடங்களும் சேர்ந்தது சந்தி பூஜை. 108 விளக்குகள் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டை மறந்து பந்தலில் நில்லுங்கள்.

நவமி: ஆட்டுக்கறி

விடியும் முன்பே கறிக்கடைகளில் வரிசை நிற்கும். அன்றைய சமையல் கோஷா மாங்ஷோ. கடுகெண்ணெயில் வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்கவிட்டு, தயிரும் மசாலாவும் பிரட்டிய கறியைப் போட்டு, தண்ணீர் அதிகம் காட்டாமல் கிளறிக்கொண்டே இருப்பது இதன் முறை. மசாலா கறுத்துக் கறியோடு ஒட்டிக்கொள்ளும்வரை நிறுத்தக்கூடாது. ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் கோல்பாரி இதற்குப் பெயர் பெற்றது, அங்கே பரோட்டாவோடு தருகிறார்கள். என் விருப்பம் லூச்சியோடுதான்.

பழைய குடும்பங்களில் 'நிராமிஷ் மாங்ஷோ' என்று ஒன்று உண்டு. பலிகொடுத்த ஆட்டின் கறியை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் இஞ்சி, சீரகம், பெருங்காயத்தில் சமைப்பது. பலி இப்போது பெரும்பாலும் பூசணிக்கும் கரும்புக்கும் மாறிவிட்டது, சமையல் முறை மட்டும் பல வீடுகளில் நீடிக்கிறது.

தசமி: விடைகொடுக்கும் சாப்பாடு

மகள் புறப்படும் நாளில் அடுப்பு மூட்ட மனம் வராது என்பதால், சில பழைய வீடுகளில் முதல் நாள் இரவே சமைத்துவைத்த பாந்தா பாத், அதாவது நீரூற்றிய பழைய சோற்றை, சேம்பு இலைக் கீரையோடு துர்கைக்குப் படைக்கிறார்கள். ஐந்து நாள் நெய்யும் பாயசமும் படைத்தபின், வழிப்பயணத்துக்குப் பழைய சோறு. இதை விற்கும் கடை எதுவும் கிடையாது. அழைப்பு வந்தால் மட்டுமே கிடைக்கும்.

சிலைகள் கரைக்கப்பட்டபின் தொடங்குவது பிஜோயா. பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்கி, ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு, வீடு வீடாகப் போய் இனிப்பு உண்பார்கள். வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உருட்டிய நார்கேல் நாரு, கருஞ்சீரகம் போட்ட நிம்கி, காய்ந்த பட்டாணியில் தேங்காய்ப் பல் போட்ட குக்னி எல்லாம் தட்டில் வரும். சில குடும்பங்கள் தசமியோடு இலிஷ் மீனை நிறுத்திச் சரஸ்வதி பூஜைவரை தொடுவதில்லை. இலிஷ் சாப்பிட ஆசை உள்ளவர்கள் அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். முள் அதிகம், கையால்தான் சாப்பிட வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

'நிராமிஷ்' என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீன், கறி, முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாதது என்று பொருள். வெறும் 'வெஜ்' என்று கேட்பதைவிட இது பாதுகாப்பு. சாதாரணப் பருப்பு என்று நினைத்து வாங்கும் பாசிப்பருப்பில் மீன்தலை கிடக்கலாம். முட்டைக்கோஸ் பொரியலிலும் அப்படியே. முடிகொண்டோ என்ற பதார்த்தத்திலும் மீன்தலை உண்டு. குக்னியில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். காய்கறி சாப் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரிந்திருக்கும், அது உறுத்துமானால் தெருப் பஜ்ஜிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் சைவர்களுக்குக் குறை வைக்காத ஊர் இது. கடலைப்பருப்பு வடையைக் குழம்பில் போட்ட தோக்கார் டால்னா, வாழைப்பூவில் மோச்சார் கொண்டோ, கசகசா அரைத்த ஆலு போஸ்தோ மூன்றும் வங்காளச் சமையலின் உச்சங்கள். படாபஜார் பக்கம் மார்வாரிகளின் சைவக் கடைகள் நிறைய. வயிறு கெஞ்சும் நாளில் லேக் மார்க்கெட் பகுதிக்குப் போங்கள். தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் இடம், இட்லியும் காப்பியும் கிடைக்கும்.

இனிப்பு: எங்கே வாங்குவது, எதைக் கொண்டுவருவது

1868இல் பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் செய்ததாகச் சொல்லப்படும் ரசகுல்லாவுக்கு 2017இல் 'பாங்லார் ரசகுல்லா' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. டின்னில் அடைத்ததைச் சாப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். சுடச்சுடப் பாகிலிருந்து எடுத்துத் தரும் கடையில், ஷோபாபஜாரின் சித்தரஞ்சன் போன்ற இடத்தில், சாப்பிட்டுப் பாருங்கள். பால் திரட்டில் செய்யும் சந்தேஷ் என்ற இனிப்புக்கு 1844இல் தொடங்கிய நகுரும் பவானிபூரின் பலராம் மல்லிக் கடையும். ஈச்சம்பாகு வெல்லத்தில் செய்யும் நொலென் குட் இனிப்புகளை இப்போது கேட்க வேண்டாம். புதுப் பாகு குளிர்காலத்தில்தான் இறங்கும். மண் சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் எல்லாக் காலத்துக்கும் உரியது.

ஊருக்குக் கொண்டுவர 'கடா பாக்' என்ற கெட்டிப் பதச் சந்தேஷைக் கேளுங்கள், ரயில் பயணத்தைத் தாங்கும். 'நரம் பாக்' மென்மையானது, அன்றே சாப்பிட வேண்டும். நாருவும் நிம்கியும் இன்னும் பல நாள் இருக்கும். தசமியன்று இனிப்புக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. நவமி காலையிலேயே வாங்கிவிடுங்கள், அல்லது மறுநாள் மதியம் போங்கள். விடுப்பு இருந்தால் இன்னும் சில நாள் தங்குங்கள். பௌர்ணமியன்று வீடுகளில் கோஜாகரி லட்சுமி பூஜை நடக்கும். கிச்சுரியும் லாப்ராவும் பாயசமும் அன்று மீண்டும் உண்டு, பந்தல் கூட்டம் கலைந்திருப்பதால் அழைப்பும் எளிதாகக் கிடைக்கும்.